மறு: கிராஸ் பிளை டயருக்கு என்ன சொல்?

> கிராஸ் பிளை – குறுக்கிழை டயர், ரேடியல் – ஆரை டயர். பழைய கார் கட்டுரையில் இப்படியே போடலாமா?

ஐயா, 'ஆரை' (வட்டத்தின் ஆரம்) சரி. 'குறுக்கிழை'தான் இடிக்கிறது.

ரேடியலில் ரப்பருக்குள் இருக்கும் நூலிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, டயர் உருளும் திசைக்கு 90 பாகையில் போகின்றன. கிராஸ் பிளையில் அவை சாய்வாகப் போகின்றன. அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து அவற்றை வெட்டுகிறது. ஆக, தமிழில் 'குறுக்கே' என்று சொல்லக்கூடியது ரேடியல்தான்! படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

இந்தக் குழப்பம் ஆபத்தில் முடியலாம். மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் டயர் அளவு 5.20-14, அதாவது அகலம் 5.20 அங்குலம், ரிம் 14 அங்குலம். இன்று அதற்கு 145 அல்லது 155 மில்லிமீட்டர் அகல ரேடியல் போடுகிறார்கள். அதனால், சாலையில் பதிந்த தடங்கள் வண்டியைத் தம் போக்கில் இழுக்காது, வளைவில் பிடிப்பும் கூடும். நிறுத்தித் திருப்பும்போது மட்டும் ஸ்டீயரிங் கனக்கும். நான்கையும் மாற்றுவதே நல்லது. ஒரே அச்சில் இரு வகையையும் கலக்கவே கூடாது. இரண்டு ரேடியல்தான் கையில் இருக்கிறது என்றால் அவை பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போட்டால் வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விடும். இந்த எச்சரிக்கையைச் சொல்லும் பத்தியில் சொல் தடுமாறினால் எப்படி?

கடைகளில் கிராஸ் பிளையை 'நைலான் டயர்' என்கிறார்கள். பேச்சுக்குச் சரி. ஆனால் கிராஸ் பிளையில் முன்பு பருத்தியும் ரேயானும் இருந்தன. இன்றைய ரேடியல் பலவற்றிலும் நைலான் அடுக்கு உண்டு. அதனால் கட்டுரைக்கு அது உதவாது.

என் பரிந்துரை: சாய்விழை டயர், ஆரையிழை டயர். எது ஆரைபோல விரிகிறது என்று தெரிய 'இழை' இரண்டிலும் இருக்கட்டும். 1960களின் இறுதியில் அமெரிக்கக் கார்களில் சாய்விழைமேல் கண்ணாடியிழைப் பட்டை சுற்றிய டயர்கள் வந்தன. அவற்றைப் 'பட்டைச் சாய்விழை' என்று சொல்லிவிடலாம். குறுக்கிழையை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், வாய்க்குள் நுழையாது.

---

யாழ்ப்பாணத்திலிருந்து:

சாய்விழைக்கு என் வாக்கும். ஆனால் கட்டுரை வரைவில் பிளை ரேட்டிங் (டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற குறி) 'இழை எண்' என்று இருக்கிறது, அதை மாற்ற வேணும். இழை என்பது நூல்; பிளை என்பது நூல்களைப் பதித்த ரப்பர் அடுக்கு. அதோடு, இப்போது டயரில் '6 பிளை' என்று இருந்தால் உள்ளே 6 அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தக் காலப் பருத்தி டயரில் 6 அடுக்கு தாங்கிய பாரத்தை இது தாங்கும் என்பதுதான் கணக்கு. 'எண்' என்றால் ஆட்கள் எண்ணிப் பார்ப்பார்கள். 'அடுக்குத் தரம்' என்று எழுதுங்கோ.

அப்புறம், நாங்கள் 'ரயர்' என்றுதான் எழுதுவோம். தலைச்சொல்லில் இரண்டையும் போட்டால் எங்கள் ஆட்களும் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.