லீஷன்: 'புண்' வேண்டாம், 'தோலூறு' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'ஸ்கின் லீஷன்' (தோலில் இயல்புக்கு மாறாகத் தோன்றும் தடிப்பு, நிறமாற்றம், புண் போன்ற எதுவும்) என்பதற்குத் தமிழில் 'தோல் புண்' போதும், எல்லோருக்கும் புரியும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. புண் என்றதும் தோல் பிளந்து நீரோ சீழோ வடிவதைத்தான் நினைக்கிறோம். லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்களின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே போனவருக்குச் சீழ் கட்டவே போதிய அணுக்கள் இருக்காது. கேண்டிடா என்னும் பூஞ்சை இரத்தத்தில் பரவியிருந்தாலும் தோலில் தெரிவது சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகளாக இருக்கலாம். "உடம்பில் எங்காவது புண் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அன்றே செய்ய வேண்டிய பயாப்சி (தோலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தள்ளிப்போய்விடும்.

ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையானால் தடிப்பு வலிக்கும், நடுவில் கருத்துவரும். ஆஸ்பெர்ஜில்லஸ், மியூகோர் என்ற பூஞ்சைகள் இரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைப்பதால் தோல் கருகிப் பொருக்குத் தட்டும். லீஷனுக்குச் சொல்லப்படும் 'நைவுப்புண்', 'சிதைவு' என்ற சொற்கள் இரண்டும் இந்தக் கடைசிக் கட்டத்துக்கே பொருந்துகின்றன. அதற்குள் பூஞ்சை வெகுதூரம் போயிருக்கும்.

'தொற்றுப்புண்' இன்னும் சிக்கல். மருந்து ஒவ்வாமையும், லுகேமியா அணுக்களே தோலில் இறங்குவதும் இதே போலத் தோன்றலாம். காரணம் தெரியுமுன் பெயரிலேயே முடிவு சொல்லக் கூடாது.

என் பரிந்துரை 'ஊறு'. இடையூறு, ஊறு விளைவித்தல் என்று கேட்டுப் பழகிய சொல். பழந்தமிழில் தொடு உணர்வுக்கும் ஊறு என்றே பெயர். கண்ணால் பார்ப்பதோடு விரலால் தடவியும் அறிய வேண்டிய ஒன்றுக்கு இது எவ்வளவு பொருத்தம்! தடிப்பு, கணு, பொருக்கு, புண் எல்லாம் தோலூறின் வகைகள் ஆகிவிடும். நுரையீரல் ஊறு, மூளை ஊறு என்றும் நீட்டலாம். எழுதிப் பார்த்தேன்: "தோலூறிலிருந்து எடுத்த துணுக்கில் ஒரு பாதியை நுண்ணோக்கிச் சோதனைக்கும், மறு பாதியைப் பூஞ்சை வளர்ப்புக்கும் அனுப்புக." இடறவில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் இரத்த வளர்ப்பில் (இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) அரிதாகவே முளைக்கும் என்பதால் இந்தத் துணுக்குதான் பல நேரம் விடை தரும்.

ஒரு குறை உண்டு. பேச்சில் அரிப்பை 'ஊறல்' என்போம், குழப்பம் வரலாம். அதனால் மருத்துவக் குறிப்பில் தோலூறு இருக்கட்டும். நோயாளிக்குத் தரும் தாளில் கலைச்சொல்லே வேண்டாம்: "தோலில் புதிதாகத் தடிப்போ, நிறமாற்றமோ, புண்ணோ தெரிந்தால், வலிக்காவிட்டாலும் அன்றே சொல்லுங்கள்." சரிதானா?