பருத்தித்துறை ஐஸ் ஆலைக்கு முதல் பணம் யாரிடம் கேட்பது?

வணக்கம். இலங்கையின் பருத்தித்துறையில் சூரிய மின்சாரத்தில் ஓடும் சின்ன ஐஸ் ஆலை நடத்துகிறோம். நாளுக்கு 2 டன். காலை 9 மணிக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் கரைக்கு வரும் படகுகளின் மீன் கேட்ட விலைக்குப் போகிறது. பார்க்கவே மனம் கேட்காது. இன்னும் மூன்று ஆலை போட 8 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வேண்டும்.

14 மாதமாகச் சிங்கப்பூரில் அலைகிறேன். தனியார் முதலீட்டாளர்கள் 2022-இல் இலங்கை கடன் தவணை தவறியதைச் சொல்லிக் கையை விரித்தார்கள். வங்கி வீட்டை ஈடு கேட்கிறது. வளர்ச்சி நிதி நிறுவனம் ஒன்று கணக்கையெல்லாம் பார்த்துவிட்டு, 50 லட்சத்துக்குக் கீழே தருவதில்லை என்றது. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023-இல் அறிவித்த ஃபாஸ்ட்-பி கலப்பு நிதியும் (அரசுப் பணமும் தனியார் பணமும் சேர்ந்தது) பெரிய பசுமைத் திட்டங்களுக்குத்தான். வருமானம் ரூபாயில், கடன் டாலரில்; ரூபாய் சரிந்தால் கடன் சுமை கூடும் என்ற சிக்கல் வேறு.

நஷ்டம் வந்தால் முதலில் தாங்கும் பங்கை ஒருவர் போட்டால், வேறு இரு முதலீட்டாளர்கள் சேரத் தயார். இவ்வளவு சிறிய தொழிலுக்கு அந்த முதல் பங்கைத் தரும் இடம் எது?