ஆய்வுக் கட்டுரைகளைச் சொல் பார்த்துப் பிரித்த அனுபவம்

ரோஸ் ஹில் உறுப்பினர்:
நடத்தை மரபியல் (குணங்களில் மரபின் பங்கைத் தேடும் துறை) கட்டுரைகளை ஆய்வு முறைப்படி பிரிக்கும் வேலை என் மேற்படிப்போடு வந்து சேர்ந்தது. இரட்டையர், தத்து, குடும்பம், ஜீவாஸ் (GWAS, பலரின் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசும் ஆய்வு) என்று நாலு பெட்டி. எந்தச் சொல் வந்தால் எந்தப் பெட்டி என்று ஒரு பட்டியல்.

'அடாப்ஷன்' என்று தேடினால் தத்துப்பிள்ளைகளோடு, விவசாயிகள் புது விதைக்கு மாறியதும் வரும். குடும்பங்களில் மரபணுக்கள் சேர்ந்தே கடத்தப்படுவதைக் குறிக்கும் 'லிங்கேஜ்' என்று தேடினால் மருத்துவமனைப் பதிவேடுகளை இணைத்த ஆய்வுகள் வரும். கூட வரும் சொல்லைப் பார்த்தே இவற்றைக் கழித்துவிடலாம். பெரும்பாடு 'ட்வின்' (இரட்டையர்) தான். ஜீவாஸ் கட்டுரைகள் பலவும் "இரட்டையர் ஆய்வுகளின்படி இந்தக் குணத்தில் மரபின் பங்கு இவ்வளவு" என்றுதான் தொடங்கும். அவர்கள் ஆராய்ந்ததோ உறவில்லாத ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை. அதனால் அந்தச் சொல் எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். ஒருகரு (ஒரே கருவிலிருந்து பிரிந்த), இருகரு (தனித்தனிக் கருவாக வந்த) ஜோடிகளை ஒப்பிட்டதாக முறையைச் சொல்லும் வாக்கியத்தில் இருந்தால்தான் அது இரட்டையர் ஆய்வு. அப்புறம் இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வந்த தொகுப்பு: 2,748 கட்டுரைகள், 17,804 குணங்கள், மரபின் பங்கு சராசரியாக 49 சதவீதம். வரிக்கு வரி 'ட்வின்' இருந்தாலும் அது தொகுப்பாய்வு, தனியாகத்தான் வைக்க வேண்டும்.

காத்ர் போர்ன் உறுப்பினர்:
நம் மொரீஷியஸில் நடந்த குழந்தைகள் ஆய்வு எந்தப் பெட்டி, தம்பி? 1972இல் இங்கே காத்ர் போர்னிலும் வாக்வாவிலும் 1,795 மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துத் தொடங்கியது. என் பெரியம்மாவும் அதில் இருந்தார். பிள்ளையின் விரலில் கம்பி ஒட்டினார்கள் என்று பாட்டி சொல்வார்.

ரோஸ் ஹில் உறுப்பினர்:
நாலிலும் சேராது, அக்கா. அந்தக் கம்பி தோலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று அளக்க. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்னோஃப் மெட்னிக்தான் டென்மார்க்கில் 14,427 தத்துப்பிள்ளைகளை வைத்துக் குற்றத்தில் மரபின் பங்கைத் தேடி, 1984இல் வெளியிட்டார். பெயரையும் 'குற்றம்' என்ற சொல்லையும் பார்த்துப் பிரித்தால் இரண்டும் ஒரே பெட்டியில் விழும். நம் ஊரில் அவர்கள் செய்ததோ குழந்தைகளை வளர வளரப் பின்தொடர்ந்தது. அவர்களில் 100 பேருக்கு 3 முதல் 5 வயதுவரை நல்ல சாப்பாடு, விளையாட்டு, படிப்பு என்று பாலர் பள்ளி நடத்தினார்கள். 17 வயதில் அவர்களிடம் முரட்டு நடத்தையும், 23 வயதில் குற்றமும் மற்றவர்களைவிடக் குறைவு. இதை மரபியல் பெட்டியில் போட்டால், அந்தப் பள்ளி செய்த நன்மை 'பிறவிக் குணம்' ஆகிவிடும். அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். தொடர் ஆய்வு என்று ஐந்தாவது பெட்டி வைத்து அதில் சேர்த்தேன்.

பெரியம்மா அந்தப் பாலர் பள்ளிக்குப் போனவரா? கேட்டு எழுதுங்கள், அக்கா.