பைத்தானில் சொல் எல்லைக் குறி: தனிச்சொல் விடுபட்டு, உருபேற்ற சொல் மட்டும் மாறுகிறது

கேள்வி: கொழிஞ்சாம்பாறை நூலக ஆர்வலர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள எங்கள் ஊர் நூலகத்துக்காக, பழைய தமிழ் விழா மலர்களையும் ஆண்டறிக்கைகளையும் உரைக்கோப்புகளாகத் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறோம். பலர் பல காலத்தில் தட்டச்சு செய்தவை என்பதால் ஊர்ப்பெயர்கள் ஒரே சீராக இல்லை. சில கோப்புகளில் இடையிடையே மலையாளப் பத்திகளும் உண்டு.

"பால்காட்" என வரும் இடங்களை "பாலக்காடு" என மாற்றுவதற்கு, எடிட்டரிலிருந்தே இயக்கக்கூடிய ஒரு சிறிய பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். வேறு சொல்லின் நடுவில் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காக, தேடுசொல்லின் முன்னும் பின்னும் சொல் எல்லைக் குறியை, அதாவது பேக்ஸ்லாஷ் பி-யை, இட்டேன். கிடைத்த விளைவு இது:

மூலம்: பால்காட் வழியாகச் செல்லும் பேருந்து பால்காட்டில் நிற்கும்.
விளைவு: பால்காட் வழியாகச் செல்லும் பேருந்து பாலக்காடுடில் நிற்கும்.

மாற வேண்டிய தனிச்சொல் அப்படியே நிற்க, தொடக் கூடாத சொல் மாறிச் சிதைந்திருக்கிறது. இதே தேடுகோவையை விஎஸ் கோட் எடிட்டரில், திறந்த கோப்புக்குள் தேடும் பெட்டியில் இட்டால் ஓரிடம்கூடக் கிடைப்பதில்லை. இதற்கு அப்பால், "கொழிஞ்சாம்பாறை" என்று எல்லைக் குறியே இல்லாமல் தேடினாலும், கண்ணுக்குத் தெரியும் சில இடங்கள் அகப்படுவதில்லை. காரணம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வாளையாறு நிரலாளர்

வணக்கம் ஐயா. உங்கள் ஸ்கிரிப்ட் சொன்னதைத்தான் செய்திருக்கிறது; சொல் என்று எதைக் கொள்வது என்பதில்தான் சிக்கல்.

நாம் "ட்" என்பதை ஓர் எழுத்தாகப் பார்க்கிறோம். எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் அது இரண்டு குறியெண்கள்: ட (2975), அதையடுத்து மெய்ப்புள்ளி (3021). பைத்தானுடன் வரும், தேடுகோவைகளை இயக்கும் ஆர்இ (re) தொகுதி, எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. மெய்ப்புள்ளியையும் கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளையும் அது எழுத்தாகக் கொள்வதில்லை. சொல்லுறுப்பும் சொல்லுறுப்பு அல்லாததும் சந்திக்கும் இடமே எல்லை என்பது அதன் விதி.

இப்போது உங்கள் வரியைப் பாருங்கள். "பால்காட்" என்ற தனிச்சொல் மெய்ப்புள்ளியில் முடிகிறது, அடுத்து இடைவெளி. இரண்டுமே சொல்லுறுப்பு அல்ல என்பதால் அங்கே எல்லை இல்லை, ஆகவே பொருத்தமும் இல்லை. "பால்காட்டில்" என்பதிலோ, அதே மெய்ப்புள்ளிக்கு அடுத்து "டி"யின் ட வருகிறது. அது எழுத்து என்பதால் நடுச்சொல்லில் ஓர் எல்லை தோன்றிவிடுகிறது. நீங்கள் எண்ணியதற்கு நேர்மாறான விளைவு வந்தது இதனால்தான். விஎஸ் கோடில் கோப்புக்குள் தேடும் பெட்டி ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ரெஜெக்ஸை, அதாவது தேடுகோவை முறையை, பயன்படுத்துகிறது. அதற்கு ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு தவிர வேறெதுவும் சொல்லுறுப்பு இல்லை. எனவே இரு பக்கமும் இடைவெளி உள்ள தமிழ்ச் சொல்லுக்கு அங்கே எல்லையே கிடையாது.

பேக்ஸ்லாஷ் பி-யைக் கைவிட்டு, எல்லையை நாமே எழுதிக்கொள்வது நல்லது:

பால்காட்(?=ட) என்பதைப் பாலக்காட் என மாற்றுங்கள்.
பால்காட்(?![ஃ-௺]) என்பதைப் பாலக்காடு என மாற்றுங்கள்.

முதல் விதி, அடுத்து ட வந்தால் மட்டும் பொருந்தும். அந்த ட-வை எடுத்துக்கொள்ளாது. ஆகவே பால்காட்டில், பால்காட்டிலிருந்து, பால்காட்டுக்கு ஆகியவை முறையே பாலக்காட்டில், பாலக்காட்டிலிருந்து, பாலக்காட்டுக்கு என ஆகும். இரண்டாம் விதி, அடுத்து எந்தத் தமிழ்க் குறியும் ([ஃ-௺] என்ற வரம்பு) வராதபோது மட்டும் பொருந்தும். ஒன்று தொடும் இடத்தை மற்றொன்று தொடாது என்பதால் எதை முதலில் இயக்கினாலும் சரியே. சொல்லின் முன்பக்கத்துக்கும் காவல் தேவைப்பட்டால் (?<![ஃ-௺]) என்பதை முன்னே சேர்த்துக்கொள்ளலாம்.

இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் [அ-ஹ] என்ற வரம்பை இங்கே பயன்படுத்த வேண்டாம். அது 2949 முதல் 3001 வரைதான் செல்லும். கால் 3006-இல் தொடங்குகிறது என்பதால் உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் வெளியே நின்றுவிடும். தனியாக நிறுவிக்கொள்ளக்கூடிய 'ரெஜெக்ஸ்' என்ற பைத்தான் தொகுதி இக்குறிகளையும் சொல்லுறுப்பாகக் கொள்கிறது. ஆயினும் ஒரே கோவை எடிட்டரிலும் ஸ்கிரிப்டிலும் ஒன்றுபோல வேலை செய்ய வேண்டும் என்பதால், வரம்பை வெளிப்படையாக எழுதும் முறையையே நான் விரும்புகிறேன்.

மறுமொழி: நகரி அச்சகத்தார்

வணக்கம். ஆந்திர எல்லையில் தமிழும் தெலுங்கும் கலந்த அச்சுப்பணி செய்பவன் என்ற முறையில், கொழிஞ்சாம்பாறைச் சிக்கலுக்கு விடை சொல்கிறேன். அந்தப் பெயரின் முதலெழுத்தைக் கவனியுங்கள். "கொ"வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் (3018) உள்ளிடலாம்; ஒற்றைக்கொம்பு (3014), கால் (3006) என இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ரெஜெக்ஸுக்கு அவை வெவ்வேறு. எனவே தேடலுக்கு முன்பே, கோப்பு முழுவதையும் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியால், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தேடுகோவையையும் அதே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் "கௌரி" என்பதைக் கொம்பும் ளகரமும் சேர்த்துக் "கெளரி" எனத் தட்டச்சு செய்திருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. அதற்குத் தனி விதி எழுதவேண்டும்.

மலையாளப் பத்திகள் இருப்பதாகச் சொன்னதால் ஓர் எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் (8204, 8205) தமிழ்ச் சொற்களுக்குள் ஒட்டிக்கொண்டு தேடலைக் கெடுப்பதுண்டு. அவற்றை ஒட்டுமொத்தமாக நீக்கிவிடத் தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். மலையாளச் சில்லெழுத்துகளுக்கு (உயிரொலியின்றி நிற்கும் மெய்களின் தனி வடிவங்கள்) தனிக் குறியெண்கள் 2008-இல் வெளியான யூனிகோடு 5.1-இல்தான் வந்தன. அதற்கு முந்தைய முறையில் தட்டச்சு செய்த உரையில், மெய், சந்திரக்கலை (மலையாளத்தின் மெய்க்குறி), 8205 என்ற வரிசையே சில்லெழுத்தைக் காட்டுகிறது. 8205-ஐ எடுத்துவிட்டால் அந்தப் பத்திகள் கெட்டுவிடும். முன்னே (?<=[ஃ-௺]) இட்டு, தமிழ்க் குறியை அடுத்து வருபவற்றை மட்டும் நீக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என்எஃப்சிக்குப் பிறகு கொழிஞ்சாம்பாறை எல்லா இடத்திலும் அகப்படுகிறது. இரண்டு விதிகளும் சரியாக வேலை செய்கின்றன. "பால்காட்காரர்", "பால்காட்வரை" போன்ற சில மட்டும் எஞ்சியுள்ளன. இவற்றுக்கு மூன்றாவது விதி எழுதலாமா?

மறுமொழி: வாளையாறு நிரலாளர்

எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. முதலாவது "பாலக்காட்டுக்காரர்" என வல்லினம் மிகுந்து வரவேண்டும். இரண்டாவது "பாலக்காடுவரை" என மிகாமல் நிற்கும். எஞ்சியவற்றைக் கோப்புப்பெயர், வரி எண்ணுடன் பட்டியலாக அச்சிடும்படி ஸ்கிரிப்டை அமைத்து, கையால் திருத்துங்கள். அதோடு, நூல் தலைப்பிலும் மேற்கோளிலும் "பால்காட்" என்றே அச்சாகியிருந்தால் அதை மாற்றாமல் விடுவதே நூற்பட்டியலுக்கு நேர்மை; ஆகவே தலைப்பு வரிகளை ஸ்கிரிப்ட் தொடாமல் தாண்டிச் செல்லும்படி முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.