எலுமிச்சையில் சொறி நோய்: கன்றோடு வந்ததா, பக்கத்துத் தோப்பிலிருந்து வந்ததா?

கேட்டவர்:
வணக்கம். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருக்கிறேன், இன்னும் காய்ப்புக்கு வராத கன்றுகள். ஐப்பசி மழைக்குப் பிறகு இலையிலும் குச்சியிலும் சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையம். வடக்கே இருக்கும் பழைய தோப்பில் ரொம்ப நாளாகவே சொறி உண்டு. தோப்புக்காரரோ நீ வாங்கி வந்த கன்றுதான் காரணம் என்கிறார். அடுத்த பட்டத்தில் இன்னும் கொஞ்சம் நடப் போகிறேன், அதனால் எது உண்மை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கடையநல்லூர் விவசாயி:
அண்ணாச்சி, புள்ளி இலையின் இரண்டு பக்கமும் மேடாக இருந்தால் சொறியேதான். வாடைக்காற்றோடு மழை அடித்தால் தெறிக்கிற துளியிலேயே பரவிவிடும். எனக்கென்னவோ பக்கத்துத் தோப்பு மேல்தான் சந்தேகம்.

பயிர் நோயியல் மாணவி:
ஊகத்தில் முடிவு பண்ண வேண்டாம் ஐயா, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாலே ஓரளவு பிடிபடும். மழையோடு வந்திருந்தால் வடக்கு ஓர வரிசைகளில் அதிகமாகவும், உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்கும், அதுவும் புதுத் தளிரில்தான் இருக்கும். கன்றோடு வந்திருந்தால் அடித்தண்டில், அதாவது நடும்போதே இருந்த முதிர்ந்த பகுதியில், வெடித்த பழைய சொறி இருக்கும். இலைப்புள்ளி இலையோடு உதிர்ந்துவிடும், தண்டுச் சொறியிலோ பாக்டீரியா வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். இலைத்துளைப்பான் புழு போட்ட வெள்ளிக் கோடுகளையும் பாருங்கள், அந்தக் காயம் வழியாக நோய் சுலபமாக நுழையும்.

மழை பக்கத்து வயலுக்குக் கொண்டு போகும், தூர தேசத்துக்குக் கொண்டு போவது மனிதர்கள்தான். 1910களில் ஃபுளோரிடாவுக்கு இது ஜப்பான் நாற்றுகளோடு போனது, மரங்களை எரித்து எரித்துத்தான் ஒழித்தார்கள். மொரீசியஸில் 1937இல் பறித்துப் பாடம் செய்து வைத்த ஓர் இலையிலிருந்து இந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியையே படித்து 2021இல் வெளியிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆசியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போன காலத்தை ஒட்டி, மொரீசியஸ் இருக்கும் தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கு வந்திருக்கலாம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. இன்னும் பழைய தடயம் இந்தியாவில் 1827–31இல் சேகரித்த நார்த்தை இலைகளில் இருக்கிறது. நம் மண்ணில் அவ்வளவு காலமாக இருக்கிற நோய் இது.

கேட்டவர்:
போய்ப் பார்த்தேன் அம்மா. வடக்கு ஓரம், நடு, தெற்கு என்று வித்தியாசமே இல்லை. ஒரே நர்சரியில் வாங்கிய கன்றுகளில்தான் அடித்தண்டில் பழைய சொறி, வீட்டிலேயே விதை போட்டு எடுத்தவற்றில் தளிரில் மட்டும் அங்கங்கே. அப்போ பக்கத்துக்காரர் சொன்னதுதான் சரி.

பயிர் நோயியல் மாணவி:
ஆமாம், கன்றோடு வந்து மழையில் மற்றதுக்குப் பரவியிருக்கிறது. அடித்தண்டில் சொறி உள்ளவற்றைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். மற்றவற்றில் நோய்ப்பட்ட குச்சியை வெயில் நாளில் வெட்டுங்கள், ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரியை பிளீச்சிங் கரைசலில் நனைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம், ஒவ்வொரு தளிர்விடும் பருவத்திலும். புதுக் கன்று வாங்கும்போது இலையை விட்டுவிட்டுத் தண்டைத் தடவிப் பாருங்கள்.