வோட் செடிக்குப் பெயர் வேண்டும், வியாழனுக்குள்

அன்பர்களே,
சிறுவர்க்கான தாவரக் களஞ்சியம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். துணிக்கு நீலம் ஏற்ற ஐரோப்பியர் பயிரிட்ட செடி ஒன்று; அறிவியல் பெயர் ஐசாடிஸ் டிங்டோரியா, ஆங்கிலத்தில் வோட். வாழிடம், பரவல், பாதுகாப்பு நிலை எல்லாம் எழுதியாயிற்று, தலைப்பில்தான் சிக்கிக்கொண்டேன். 'வோட்' என்றே போட்டால் பிள்ளைகள் தேர்தல் என்று நினைப்பார்கள். வியாழக்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன.
மொழிபெயர்ப்பாளர்

புலவர் எழுதியது:
தேர்தல் கிடக்கட்டும். உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கு உயிரோடும் வகரம் மொழிக்கு முதலில் வராது என்கிறது தொல்காப்பியம். டகர மெய் ஈற்றில் நில்லாது. இரண்டெழுத்துச் சொல்லில் இரண்டு பிழை! நம்மூர் நீலச் சாயச் செடி அவுரி இருக்க அலைவானேன்? அவிர் என்றால் ஒளிர்தல். அவிர், அவிரி, அவுரி என்று வந்திருக்கும் என்பது என் ஊகம். நீலம் ஒளிரும் நிறம் என்று கண்டவன் தமிழன். 'மேலை அவுரி' என்க.

தாவரவியல் ஆசிரியை:
ஐயா, அவுரி அவரைக் குடும்பம்; இது கடுகுக் குடும்பம், மஞ்சள் பூ. இரண்டின் இலையிலிருந்தும் கிடைக்கும் நீலம் ஒன்றே. சாயத்துக்கு உரியது என்று பொருள்படும் 'டிங்டோரியா'வும் இரண்டுக்கும் பொது. உறவு அத்தோடு சரி. 'மேலை'யும் பொருந்தாது. காகசஸ், மேற்கு ஆசியா, நடு ஆசியாவின் வறண்ட புல்வெளிகள் இதன் தாயகம்; ஐரோப்பாவுக்கு அது பிறகு கொண்டுபோகப்பட்டது. 'சாயக்கடுகு' என் பரிந்துரை.

பிறகு ஒன்று: பாதுகாப்பு நிலையில் அமெரிக்காவின் "யூட்டா மாநிலத்தில் நச்சுக்களை" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அங்கே நஞ்சைச் சொல்லவில்லை. பயிர், கால்நடை, நிலம் போன்றவற்றுக்கு வரும் கேட்டைச் சொல்கிறது. 'தீங்குக்களை' என்று மாற்றுங்கள். அங்கே அதைக் காப்பதாவது, பிடுங்கி மாளவில்லை!

சாயத்தொழில் வரலாறு படிப்பவர்:
சாயக்கடுகு என்றால் கடுகை அரைத்துச் சாயம் எடுப்பதாக நினைப்பார்கள். இலையை அரைத்து, உருண்டை பிடித்து உலர்த்தி, பிறகு நனைத்து நொதிக்கவிடுவார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும். பிரான்சின் தூலூஸ் நகரத்து வணிகர்கள் அந்த உருண்டைகளை விற்றுத்தான் மாளிகை கட்டினார்கள். இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன அவுரி நீலம் அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது. கெடுத்தவன் பெயரையே கெட்டவனுக்குச் சூட்டுவதா, புலவரே?

மற்றொருவர்:
சூட்டலாம். மரவள்ளி ஆமணக்குக் குடும்பம், சர்க்கரைவள்ளி வேறு, வள்ளிக்கிழங்கு இரண்டிலும் சேராது. ஊர் குடும்பம் விசாரித்தா பெயர் வைத்தது? சீமைக்கருவேலம் போலச் 'சீமை அவுரி'. பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

புலவர்:
சீமை வடசொல்.

மற்றொருவர்:
விலாசமும் வடசொல்தான். அதற்காகக் கடிதம் போடாமல் இருக்கிறோமா?

(இதன்பின் பதினொரு மடல்கள் சீமை, எல்லை, வரம்பு பற்றியவை. செடி எங்கும் வரவில்லை.)

மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு:
சீமை அவுரிக்கு நால்வர், சாயக்கடுகுக்கு இருவர், மேலை அவுரிக்குப் புலவர் மட்டும். 'சீமை அவுரி' என்று அனுப்பிவிட்டேன். கடுகுக் குடும்பம் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறேன். ஆசிரியை பொறுத்தருள்க. அடுத்த செடி மஞ்சள் சாயம் தருவது, பெயர் 'வெல்ட்'.

ஆசிரியை:
பொறுக்கவில்லை. இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்கிறேன்.

புலவர்:
வெகரம் மொழிமுதல் வரும், மகிழ்ச்சி. ஈறு தேறவில்லை.