எல்லாமே ‘பாதுகாப்பு’ என்றால் எது எது?

மொழிபெயர்ப்பாளர், வள்ளியூர்

அனைவருக்கும் வணக்கம். ராதாபுரம் வட்ட ஊராட்சிகளுக்கான அணுமின் நிலையக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் இயலின் தலைப்பிலேயே நிற்கிறேன். மூலத்தில் சேஃப்டி, ரேடியேஷன் புரொடக்‌ஷன், இரண்டின் மேலும் ரெகுலேட்டரி ஓவர்சைட். தமிழில் ‘பாதுகாப்பு மற்றும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு மீதான ஒழுங்குமுறைக் கண்காணிப்பு’ என்று வருகிறது. அடுத்த பக்கத்தில் செக்யூரிட்டி, அதுவும் பாதுகாப்பு. அதற்கடுத்து சேஃப்கார்ட்ஸ், அதுவும் பாதுகாப்புதான். கூடங்குளத்தில் இந்த நான்கையும் பார்ப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். நான்குக்கும் தனித்தனிச் சொல் கிடைத்தால் நல்லது.

தமிழாசிரியர், பாளையங்கோட்டை

சேஃப்டிக்குச் சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது: ஏமம். ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ என்கிறது குறள் (306). கரை சேர்க்கும் தெப்பம் ஏமப் புணை. ஆபத்துக்கு நடுவிலும் மூழ்காமல் காப்பது அது. காவல் என்பது ஆளை நிறுத்திக் காப்பது. சேஃப்டி ஏமம், செக்யூரிட்டி காவல் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பணியில் ஓய்வு, ராதாபுரம்

அண்ணாச்சி, சொல் அழகுதான். ஆனால் ‘ஏமக் குழு’ என்று அச்சிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ‘ஏமாற்று’ என்றுதான் காதில் விழும். ஏற்கெனவே நம்பிக்கை குறைந்த ஊரில் இந்தச் சொல்லை வைக்க முடியாது.

முதலில் பொருளைப் பிரித்துக்கொள்வோம். சேஃப்டி என்றால் மூன்று வேலை: உலைக்குள் அணுக்கள் தொடர்ந்து பிளக்கும் தொடர்வினையை அடக்குவது, எரிபொருளைக் குளிர்விப்பது, கதிரியக்கப் பொருளை அடைத்து வைப்பது. ரேடியேஷன் புரொடக்‌ஷன் என்றால் ஆளுக்குச் சேரும் கதிர்வீச்சு ஏற்பளவைக் குறைப்பது. பணியாளருக்கு வரம்பு 5 ஆண்டுகளில் 100 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சுக்கான அலகு), அதாவது ஆண்டுச் சராசரி 20. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. வரம்புக்குள் இருந்தாலும் இன்னும் குறைக்க முடியுமா என்று பார்ப்பதும் இதில் சேர்ந்தது. செக்யூரிட்டி, வாயிலில் நிற்கும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை. சேஃப்கார்ட்ஸ், எரிபொருள் ஆயுதத்துக்குத் திருப்பப்படவில்லை என்று பன்னாட்டு அணுசக்தி முகமை கணக்குப் பார்ப்பது. இந்தக் கடைசிக்கு ‘பாதுகாப்பு’ என்ற சொல்லே வேண்டாம். ‘அணுப்பொருள் கணக்குச் சரிபார்ப்பு’ என்று நீட்டி எழுதிவிடலாம்.

இயற்பியல் ஆசிரியர், நாங்குநேரி

புரொடக்‌ஷனுக்குச் சுருக்கமாக ‘கதிர்காப்பு’ எனலாமே? சேஃப்டிக்கு ‘இயக்கப் பாதுகாப்பு’ என் முன்மொழிவு.

தமிழாசிரியர், பாளையங்கோட்டை

தாமிரபரணிக் கரையில் கதிர் என்றால் நெற்கதிர். கதிர்காப்பு என்றால் வயற்காவல் என்று எண்ணுவார்கள். காப்பு என்ற சொல்லும் தனியாக நின்றால் கோயில் கொடைக்குக் கட்டும் காப்பு, கையில் போடும் காப்பு, நூலின் காப்புச் செய்யுள் என்று பல பக்கம் இழுக்கும். ‘கதிர்வீச்சுக் காப்பு’ என்று முழுதாகச் சொன்னால் ஏற்கிறேன்.

ஏமத்தை நான் விடவில்லை. க்ஷேமம் சேமமாகி, சேமம் ஏமமானது என்பார் உண்டு. ஏம், ஏமாப்பு, ஏமுறு என்று தமிழிலேயே ஒரு குடும்பம் இருக்கும்போது அந்த வழி எதற்கு? பொன்னைக் குறிக்கும் ஏமம் ஹேமத்திலிருந்து வந்தது, அது வேறு சொல். ‘பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்’ (738) என்ற குறளில் பரிமேலழகர் காவல் என்றே உரை சொல்கிறார் என்று யாராவது எதிர்க்கலாம். நாட்டுக்குக் காவல் பொருந்தும், புணைக்குப் பொருந்தாது. ஒரே சொல் இரண்டு இடத்திலும் நிற்கிறதென்றால் அதன் அடிப்பொருள் ‘அஞ்ச வேண்டாத நிலை’. சேஃப்டி அதுதானே?

கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பணியில் ஓய்வு, ராதாபுரம்

‘இயக்கப் பாதுகாப்பு’ ஆபத்தான சொல். உலையை நிறுத்தினால் அபாயம் முடிந்தது என்று ஆகிவிடும். கூடங்குளத்தில் ஓர் உலையின் வெப்பத்திறன் சுமார் 3,000 மெகாவாட். நிறுத்திய கணத்திலும் அதில் 6, 7 விழுக்காடு சிதைவு வெப்பமாக (எரிபொருளில் உள்ள கதிரியக்கப் பொருள்கள் சிதைவதால் எழும் வெப்பம்) வந்துகொண்டே இருக்கும், அதாவது 200 மெகாவாட் அளவுக்கு. பிறகு குறையும், ஆனால் குளிர்விப்பை நிறுத்த முடியாது. 2011-இல் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கத்தில் தாமாகவே நின்றன. கெடுத்தது, சுனாமியால் மின்சாரம் போய்க் குளிர்விப்பு அற்றுப்போனது. சொல்லே தவறான பாடம் நடத்தக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர், வள்ளியூர்

‘விபத்துக்காப்பு’ சரிவருமா?

இயற்பியல் ஆசிரியர், நாங்குநேரி

காப்பீடு என்று படிப்பார்கள். ‘உலைப் பாதுகாப்பு’ என்றாலும் பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் குளம் விடுபட்டுப்போகும். ‘நிலையப் பாதுகாப்பு’ எனலாம், மொத்த நிலையத்துக்கும்.

ஓவர்சைட்டுக்கு மேற்பார்வை?

கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பணியில் ஓய்வு, ராதாபுரம்

கையேட்டில் மிக முக்கியமான சொல் இதுதான். பாதுகாப்பின் முதற்பொறுப்பு உரிமம் பெற்று நிலையத்தை நடத்துபவருடையது. அவர் உள்ளே செய்வது மேற்பார்வை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் அவருடைய ஆள்தான். சுற்றுவட்டாரத்தில் நீர், மண், பால், மீன் எடுத்து அளப்பது சுற்றுச்சூழல் ஆய்வகம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் வருவது. கண்காணிப்பு என்ற சொல் அந்த அளவீட்டுக்கு வேண்டும்.

1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வேலை வேறு. இடத்தேர்வு, கட்டுமானம், தொடக்க இயக்கம், இயக்கம், செயல்நீக்கம் (நிலையத்தை நிரந்தரமாக மூடிக் கலைப்பது) என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒப்புதல் தருவது அல்லது மறுப்பது, இயக்க உரிமத்துக்குக் காலவரம்பு வைப்பது, 10 ஆண்டுக்கு ஒருமுறை முழு மறுஆய்வு கேட்பது, ஆய்வாளரை அனுப்புவது, தேவைப்பட்டால் நிறுத்தச் சொல்வது. ‘வாரியம் கண்காணிக்கிறது’ என்று எழுதினால் ஒவ்வொரு கதிர்வீச்சு மானிக்குப் பக்கத்திலும் வாரியத்து ஆள் நிற்பதாக மக்கள் நம்புவார்கள். நெருக்கடியில் வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருப்பார்கள். வெளிப்பகுதி நெருக்கடிக்குப் பொறுப்பு மாவட்ட ஆட்சியர். வீட்டுக்குள் இருங்கள், அயோடின் மாத்திரை போடுங்கள் என்ற அறிவிப்பு அவர் வழியாகத்தான் வரும்.

தமிழாசிரியர், பாளையங்கோட்டை

கண்காணி பழைய சொல். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ‘மாகேசுவரக் கண்காணி’ வருகிறது. தானம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பவர்கள் அவர்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் வேலை அவர்களுடையதல்ல. ஓவர்சைட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அளவீட்டுக்கு ‘அளந்தறிதல்’ போதும்.

இயற்பியல் ஆசிரியர், நாங்குநேரி

கல்வெட்டில் பொருந்தும் ஐயா, ஆனால் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் போன ஊர்களில் அது கூலியாட்களை விரட்டி வேலை வாங்கிய கங்காணிதான்.

மொழிபெயர்ப்பாளர், வள்ளியூர்

நாளை மாலை கோப்பு அச்சகத்துக்குப் போகவேண்டும். பெரும்பான்மையை எடுத்துக்கொள்கிறேன்: நிலையப் பாதுகாப்பு, கதிர்வீச்சுக் காப்பு, காவல், அணுப்பொருள் கணக்குச் சரிபார்ப்பு. ஓவர்சைட்டுக்கு ‘ஒழுங்குமுறை மேலாய்வு’. கண்காணிப்பு அளவீட்டுக்கு மட்டும். தலைப்பு: ‘நிலையப் பாதுகாப்பு, கதிர்வீச்சுக் காப்பு: வாரியத்தின் மேலாய்வு’. அதன் கீழே, யார் நடத்துகிறார், யார் அளக்கிறார், யார் அனுமதிக்கிறார், யார் அறிவிக்கிறார் என்று நான்கு வரி சேர்க்கிறேன்.

தமிழாசிரியர், பாளையங்கோட்டை

அந்த நான்கு வரிக்கு நன்றி. ‘மேலாய்வு’க்கு என் வாக்கு இல்லை. மேற்கொண்டு செய்யும் ஆய்வு என்றுதான் மாணவர்கள் படிப்பார்கள். கலைச்சொல் பட்டியலிலாவது ஏமம் ஓர் இணைச்சொல்லாக இருக்கட்டும். குறள் எண்ணை 306 என்று போடுங்கள், 738 அல்ல.